புள்ளிக்கு அடுத்த கட்டம்: குடும்பத்துக்காகத் தினம் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு

வேர்டில் விளையாட்டைத் தமிழில் செய்ய நினைக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்தைப் போட்டால் போதும் என்பதுதான். அப்படிச் செய்தால் விளையாட்டு ஓடும், ஆனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்காக ஒரு சின்னப் பக்கம் எழுதிப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன். விளையாட மட்டும் விரும்புகிறவர்கள் நடுப்பகுதிக்குத் தாவிவிடலாம், வியூகம் அங்கேதான் இருக்கிறது.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து உண்டு ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள், எழுத்தே இல்லையென்றால் சாம்பல். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருளாளர் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்து, 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிக்கொண்டது.

எழுத்தைப் பிரிப்பது

கணினிக்கு ‘வெற்றி’ என்பது மூன்று எழுத்து அல்ல, ஆறு குறி: வ, ஒற்றைக் கொம்பு, ற, புள்ளி, ற, இகரக் குறி. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு தமிழை அப்படித்தான் வைத்திருக்கிறது. அதனால் முதல் வேலை, குறிகளைச் சேர்த்து நாம் பள்ளியில் எண்ணுகிற மாதிரி எழுத்தாக்குவது. சொல் பட்டியலைத் தயாரிக்க பைத்தான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினேன். அதில் எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் வசதி தயாராகவே இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்டில் சொந்தமாக எழுதினேன்: ஓர் எழுத்தை எடு, அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் அதோடு ஒட்டு, இல்லாவிட்டால் புதிய கட்டம். அவ்வளவுதான்.

ஆனால் பிரிப்பதற்கு முன் சொல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். இயல்பாக்கத்தாலும் சரியாகாத ஒன்று ஔகாரம். இணையத்தில் நிறைய இடங்களில் ‘மௌனம்’ என்பதை ம-வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்து ‘மெளனம்’ என்று அடித்திருப்பார்கள். எழுத்துருவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஆனால் முன்னது மூன்றெழுத்து, பின்னது கணினிக் கணக்கில் நான்கெழுத்து. எங்கள் விளையாட்டுக்கு நான்கெழுத்துச் சொற்கள்தான், அந்தப் பட்டியலை வடிகட்டும்போது இப்படிப்பட்ட சொற்கள் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘கெள’, ‘மெள’, ‘ஒள’ என்று தொடங்குவதையெல்லாம் தனியாகப் பிரித்து, கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ‘தெளிவு’ மாதிரியான நல்ல சொற்களும் அதே வடிவில் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட முடியாது.

இன்னொரு சின்ன விஷயம்: கைப்பேசி விசைப்பலகை பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

சொல் பட்டியல்

வேர்டிலில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஊகிக்க அனுமதித்த சொற்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். விடையாக வரக்கூடியவை தொடக்கத்தில் 2,315. அந்தச் சிறிய பட்டியலுக்காகச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்தது, தெரியாதது என்று பிரித்துக் கொடுத்தவர் பாலக் ஷா. விளையாட்டின் வெற்றிக்கு அந்தப் பொறுமைதான் பாதிக் காரணம் என்று நான் நினைக்கிறேன். விடை தெரிந்ததும் “அட, இதுவா!” என்று சொல்ல வேண்டும். “இப்படி ஒரு சொல் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டால் மறுநாள் யாரும் வர மாட்டார்கள்.

ஊகப் பட்டியலுக்குத் தமிழ் விக்சனரியும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் போதும். பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேலான சொற்கள் உண்டு. அது இணையத்திலும் கிடைக்கிறது. ஆனால் அதிலிருந்து நேராக விடையை எடுக்கவே கூடாது, பாதிக்கு மேல் நிகண்டுச் சொற்கள்தான் வரும். விடைப் பட்டியலை எங்கள் பெரியம்மா பிரித்துக் கொடுத்தார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அச்செடுத்த தாளில் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். அவர் வைத்த விதிகள் மூன்று: பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும், வேற்றுமை உருபோ பன்மை விகுதியோ ஏறியிருக்கக் கூடாது, சமையலறையிலோ தெருவிலோ செய்தித்தாளிலோ புழங்க வேண்டும். பிறமொழிச் சொற்களில் ‘ரப்பர்’ இருக்கட்டும் என்றார். ‘டம்ளர்’ வேண்டாம் என்றார். “மகரப் புள்ளிக்குப் பின்னாலே ளகரம் வருமாடா? யார் கண்டுபிடிப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் விளையாட்டின் போக்கையே மாற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கெழுத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்றாடப் பெயர்ச்சொற்கள் அங்கே நிறையக் கிடைப்பதும் வடிவத்தில் பல வகை இருப்பதும்தான்: தக்காளி, முறுக்கு, பட்டம், ஊஞ்சல், கண்ணாடி, மல்லிகை, தேங்காய், முயற்சி.

நான்காவது நிறம்

ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் 247. மூன்று நிறத்தை மட்டும் வைத்து விளையாடினால் கட்டமெல்லாம் சாம்பலாகவே வரும். விடை ‘குழம்பு’ என்று வைத்துக்கொள்வோம். ‘கழுத்து’ என்று ஊகித்தவருக்கு முதல் கட்டத்தில் ககர வரிசை பிடிபட்டுவிட்டது, இரண்டாவதில் ழகர வரிசை. ஆனால் ‘க’ வேறு, ‘கு’ வேறு. நான்கும் சாம்பல்தான் வரும். அது நியாயமில்லை.

அதனால் நீலம் சேர்த்தேன். அந்தக் கட்டத்தில் அதே மெய் வரிசை, உயிர் மட்டும் வேறு என்றால் நீலம். புள்ளி வைத்த எழுத்தும் அதே வரிசைதான்: க், க, கா, கை எல்லாம் ஒரே வீடு. சொல்லின் தொடக்கத்தில் வரும் உயிரெழுத்துக்கு குறில், நெடில் இணையை மட்டும் நீலமாக்கினேன், அ-வுக்கு ஆ, உ-வுக்கு ஊ.

கணக்கும் நன்றாகப் பொருந்தியது. வேர்டிலில் ஐந்து கட்டம், மூன்று நிறம், ஆக 243 வகை விடைக்குறிப்பு. நான்கு பச்சையோடு ஒரு மஞ்சள் வர வாய்ப்பே இல்லை என்பதால் உண்மையில் 238. நமக்கு நான்கு கட்டம், நான்கு நிறம், 256 வகை. மூன்று பச்சை, ஒரு மஞ்சளைக் கழித்தால் 252. மூன்று நிறத்தோடு நின்றிருந்தால் மொத்தமே 81 தான். ஓர் ஊகம் எத்தனை விதமாகப் பதில் சொல்ல முடியுமோ அந்த அளவுக்குத்தான் அது சொற்களைப் பிரித்துக் கொடுக்கும். உயிர் மட்டும் ஒத்துப்போனால் ஐந்தாவது நிறம் காட்டலாமா என்றும் செய்து பார்த்தேன். நிறங்கள் கூடிப்போய் வீட்டில் பாதிப்பேர் குழம்பினார்கள். எடுத்துவிட்டேன்.

நிறம் போடும் வரிசை முக்கியம். முதல் சுற்றில் பச்சைகளை முடித்து, அந்த எழுத்துகளைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அடுத்த சுற்றில் மீதமுள்ளவற்றோடு ஒப்பிட்டு மஞ்சள். இல்லாவிட்டால் ஊகத்தில் ஒரே எழுத்து இரண்டு முறை வரும்போது தவறான நம்பிக்கை தந்துவிடும். ஒரே கட்டத்துக்கு மஞ்சளும் நீலமும் பொருந்துகிற நேரமும் உண்டு. விடை ‘முறுக்கு’, ஊகம் ‘இடுகுறி’ என்றால் மூன்றாவது கட்டத்தில் ‘கு’. நான்காவதில் கு இருப்பதால் மஞ்சளாக்கலாம், மூன்றாவதில் ‘க்’ இருப்பதால் நீலமாக்கலாம். இடத்தோடு சேர்ந்த குறிப்புக்கு மதிப்பு அதிகம் என்பதால் நீலத்தை முந்தவிட்டேன்.

கீழே எழுத்துப் பலகை காட்டுவதில்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. வேர்டிலில் ஓர் எழுத்து சாம்பல் என்றால் விசையையே இருட்டாக்கிவிடலாம். இங்கே ‘கு’ சாம்பல் என்றால் அதற்கு இரண்டு பொருள்: விடையில் எங்கும் கு இல்லை. இந்தக் கட்டத்தில் ககர வரிசையே இல்லை. மற்றக் கட்டங்களில் கா, கி, கை எதுவும் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு மெய்க்கும் பக்கத்தில் நான்கு சிறு வட்டங்கள் போட்டு, எந்தக் கட்டத்தில் அந்த வரிசை அடைபட்டது என்று காட்டினேன். தட்டச்சு செய்வதை அவரவர் கைப்பேசி விசைப்பலகைக்கே விட்டுவிட்டேன். ஒருவர் தமிழ்99, ஒருவர் ஆங்கில ஒலிபெயர்ப்பு, சித்தப்பா குரலிலேயே சொல்லிவிடுகிறார்.

புள்ளி

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மெய்யெழுத்துக்குப் பின்னால் எது வரலாம், எது வரக்கூடாது என்பது மெய்ம்மயக்கம். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் விரிவாக உண்டு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிற பகுதி. இந்த விளையாட்டில் அதுதான் முழு வியூகமும்.

க், ச், த், ப் நான்கும் தம் வரிசையைத் தவிர வேறெதையும் பின்னால் விடாது. மூன்றாவது கட்டம் ‘த்’ என்று தெரிந்தால் நான்காவது தகர வரிசைதான், சந்தேகமே இல்லை. மறுபக்கமும் அப்படியே. டகர வரிசைக்கு முன்னால் புள்ளி இருந்தால் அது ட் அல்லது ண். றகரத்துக்கு முன்னால் ற் அல்லது ன். தகரத்துக்கு முன்னால் பெரும்பாலும் த் அல்லது ந். க, ச, ப மூன்றும் கொஞ்சம் தாராளம். க்க, ங்க, ச்ச, ஞ்ச, ப்ப, ம்ப என்பவைதான் அதிகம் என்றாலும் ட், ற், ல், ள், ர் ஆகியவையும் முன்னால் வரும்: வெட்கம், முயற்சி, நட்பு. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இணை நாம் சின்ன வயதில் ராகம்போட்டுச் சொன்ன வரிசையிலேயே இருக்கிறது: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, ற ன. வல்லினமும் அதன் இன மெல்லினமும். தமிழ்99 விசைப்பலகையில் ங, க என்று அடித்தால் தானாகவே ‘ங்க’ என்று புள்ளி வந்து விழுவதும் இதே இணைகளை நம்பித்தான்.

இது விளையாட்டில் பயன்பட வேண்டுமென்றால், விடையில் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் தொடக்கத்திலேயே, காலிக் கட்டங்களில் மெய்யெழுத்து வரும் கட்டத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்தேன். மல்லிகை என்றால் இரண்டாவதில் புள்ளி. ஊஞ்சல் என்றால் இரண்டாவதிலும் நான்காவதிலும். இது இல்லாத வடிவத்தில் வீட்டார் நான்காம் முயற்சிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். புள்ளி வந்ததும் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்கள்.

கடைசிக் கட்டத்தில் புள்ளி இருந்தால் வல்லினத்தை மறந்துவிடலாம், தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் எதிலும் முடியாது. இன்றைய வழக்கில் மிஞ்சுவது ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்ற எட்டுதான். அதிலும் முதலில் ம் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைசியில் புள்ளி இல்லாவிட்டால் கு, சு, டு, து, பு, று என்று குற்றியலுகரத்தை முதலில் நினையுங்கள். இகரமும் ஐகாரமும் அப்புறம்.

ம்பு என்ற பொறி

ஆங்கிலத்தில் விளையாடுபவர்கள் நைட், லைட், மைட், ஃபைட் வரிசையில் மாட்டிக்கொண்டு ஆறு முயற்சியையும் இழப்பதுண்டு. கடைசி நான்கு எழுத்தும் பச்சையாக இருக்கும், முதல் எழுத்து மட்டும் மாறிக்கொண்டே போகும். நமக்கு அந்த இடம் ‘ம்பு’.

ஒருநாள் மூன்றாவது கட்டத்தில் புள்ளி. அக்கா ‘எறும்பு’ என்று தொடங்கினாள். ம், பு பச்சை, எ, று சாம்பல். கை தட்டிவிட்டுப் பட்டியல் போட்டால் கரும்பு, களிம்பு, இரும்பு, அரும்பு, துரும்பு, நரம்பு, வரம்பு, விளிம்பு, உடம்பு, குழம்பு, பிழம்பு, தழும்பு, சிலம்பு. பதின்மூன்று சொல், கையில் ஐந்து முயற்சி. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இங்கே செய்ய வேண்டியது, விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லைத் தெரிந்தே வீணடிப்பது. ‘கழுத்து’ போடுங்கள். முதல் கட்டம் பச்சை என்றால் கரும்பு அல்லது களிம்பு. முதல் இரண்டும் நீலம் என்றால் குழம்பு. இரண்டாவது மட்டும் நீலம் என்றால் பிழம்பு, பச்சை என்றால் தழும்பு. கடைசி ‘து’ மஞ்சளானால் துரும்பு. நான்கும் சாம்பல் என்றாலும் நட்டமில்லை, மிஞ்சுவது ஏழு: இரும்பு, அரும்பு, நரம்பு, வரம்பு, விளிம்பு, உடம்பு, சிலம்பு.

அதற்கு ‘வருடம்’. கடைசி ‘ம்’ எப்படியும் மஞ்சள்தான், அதை விடுங்கள். வ பச்சை என்றால் வரம்பு. வ நீலம் என்றால் விளிம்பு. வ சாம்பலாகி ரு மட்டும் நீலம் என்றால் நரம்பு. ட மஞ்சள் என்றால் உடம்பு. மூன்றும் சாம்பல் என்றால் சிலம்பு. ரு பச்சை என்றால் மட்டும் இரும்பா அரும்பா என்று இரண்டு மிஞ்சும், அப்போதும் கையில் மூன்று முயற்சி இருக்கும். பதின்மூன்று சொல்லும் பிடிபட்டாயிற்று.

இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது அக்கா, “தெரிஞ்சே தப்பான சொல்லைப் போடறதா?” என்று தயங்கினாள். வீட்டில் இப்போதும் இரண்டு கட்சி உண்டு. பெரியம்மா ஒவ்வொரு முயற்சியிலும் விடையாக இருக்கக்கூடிய சொல்லைத்தான் போடுவார், வேர்டிலில் கடின முறை என்று வைத்திருக்கிறார்களே, கிட்டத்தட்ட அப்படி. அவருக்குச் சொல்வளம் இருக்கிறது, போகட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வது: ஒரே அச்சில் மூன்று சொல்லுக்கு மேல் மனதில் வந்துவிட்டால் அச்சை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

தொடக்கச் சொல் எது என்பது ஆங்கிலத்தில் பெரிய விவாதம். கணினியை வைத்து எல்லா வழிகளையும் கணக்கிட்டவர்கள் ‘சாலெட்’ என்ற சொல்லில் தொடங்கினால் சராசரியாக 3.42 முயற்சியில் முடிக்கலாம் என்று பழைய பட்டியலுக்குக் காட்டினார்கள். நமக்கு ஒரே தொடக்கச் சொல் சரிவராது, ஏனென்றால் புள்ளியின் இடம் தினம் மாறும். இரண்டிலும் நான்கிலும் புள்ளி என்றால் ‘பட்டம்’ அல்லது ‘மன்றம்’. இரண்டில் மட்டும் என்றால் ‘கத்தரி’. மூன்றில் மட்டும் என்றால் ‘முறுக்கு’. புள்ளியே இல்லாத சொல்தான் இருப்பதிலேயே கடினம், மெய்ம்மயக்கம் அங்கே உதவாது.

தினமும் மாறுவது, பகிர்வது

தேதியை வைத்துப் பட்டியலில் எத்தனையாவது சொல் என்று கணக்கிட்டால் போதும், சர்வர் எதுவும் வேண்டாம். வேர்டில் தொடக்கத்தில் அப்படித்தான் இயங்கியது, பட்டியல் முழுவதும் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. கைப்பேசியின் உள்ளூர்த் தேதியை எடுப்பதால், சிங்கப்பூரில் இருக்கும் அத்தைமகனுக்கு நமக்கு இரண்டரை மணி நேரம் முன்பே புதிய சொல் கிடைத்துவிடும். அவன் குழுவில் வண்ணக் கட்டங்களை மட்டும் போடுவான். சொல்லைச் சொல்லாமல் ஆட்டத்தை மட்டும் காட்டுகிற அந்த வசதி 2021 டிசம்பரில்தான் வேர்டிலில் சேர்ந்தது. ஒரு கட்டளை வரி எழுதினால் நமக்கும் கிடைத்துவிடும். பச்சையும் மஞ்சளும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் கட்டத்தின் மூலையில் சிறு குறியும் வைத்தேன்: பச்சைக்கு டிக், மஞ்சளுக்கு அம்பு, நீலத்துக்கு அடிக்கோடு.

பகிர்ந்த கட்டங்களைப் பார்த்தே யார் எப்படி யோசித்தார்கள் என்று சொல்லிவிடலாம். முழுச் சாம்பல் வரிக்கு அடுத்து முழுப் பச்சை வந்தால், வேண்டுமென்றே ஒரு சொல்லை வீணடித்தவர் அவர். நீலம் நீலமாக இறங்கி வருகிறவர் வரிசையைப் பிடித்துவிட்டு உயிரைத் தேடிக்கொண்டிருந்தவர். பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு மாலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்புகிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்று ஐந்தெழுத்துப் பட்டியல் தயாராகிறது. அங்கே புள்ளி இரண்டு அடுத்தடுத்து வரும்: வாய்க்கால், தாழ்ப்பாள், மார்க்கம். அப்படி வந்தால் முதல் புள்ளி ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இரண்டாவது க், ச், த், ப் அல்லது அவற்றின் இன மெல்லினம். அதற்கு அடுத்த கட்டம் பெரும்பாலும் அதே வல்லின வரிசை. ஐந்தில் மூன்று கட்டம் விளையாடுவதற்கு முன்பே பாதி திறந்துவிடும். அதனால் இரட்டைப் புள்ளி நாளுக்கு மட்டும் முயற்சியை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைக்கலாமா என்று குழுவில் கேட்டிருக்கிறேன். பெரியம்மா நான்கு போதும் என்கிறார்.